பன்னிரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ரங்கூனில் பர்மியரின் விளக்குத் திருவிழாவான தடின்ஜுட் பௌர்ணமியும் தீபாவளியும் அடுத்தடுத்து வருகிற அந்தச் சில வாரங்களில், ஒயரிங் வேலை செய்கிற எனக்கு ஓய்வே இருக்காது. முன்பெல்லாம் மாடிக்கு மாடி மெழுகுவர்த்தியும் காகிதக் கூண்டும் தொங்கும். இப்போது பையன்கள் எல்இடி ஸ்ட்ரிப்பும் அக்ரிலிக் குழாயும் வாங்கி, தாங்களே அலங்கார விளக்கு செய்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். கையால் செய்த விளக்குக்கு ஓர் அழகு உண்டு. ஆனால் சென்ற வருடம் ஒரு வீட்டில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அனவ்ரத்தா சாலைப் பக்கம், மூன்றாம் மாடி. காலேஜில் படிக்கிற தம்பி ஒருவர், அரை மீட்டர் குழாய் நான்கை நிறுத்தி விளக்கு செய்திருந்தார். கரண்ட் அடிக்கடி போவதால், இன்வெர்ட்டருக்கு வைத்திருந்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே நேராக இரண்டு மெல்லிய ஒயர் இழுத்திருந்தார். இரவு ஒன்பது மணிக்குப் பாட்டிக்கு ரப்பர் கருகும் நாற்றம் வந்திருக்கிறது. தம்பி ஓடிவந்து ஈரத்துணியால் ஒயரைப் பிடுங்கியதால் திரைச்சீலையோடு போயிற்று.

மறுநாள் நான் போனபோது மர மேசையில் பேட்டரியிலிருந்து விளக்கு வரை ஒரு கறுப்புக் கோடு, கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம் போல. ஒயரின் மேல்தோல் முழுக்க உருகி ஒட்டியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி நீலம் பூத்துக் கிடந்தது. அவருடைய அப்பா கேட்டார்: “பன்னெண்டு வோல்ட்தானேண்ணே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே?”

அடிக்காதுதான். ஆனால் ஒயர் எரிவதற்கு வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டியதில்லை, ஆம்பியர் போதும். இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஈய பேட்டரி, ஷார்ட் ஆனால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். சின்ன அடாப்டர் என்றால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பேட்டரிக்கு அந்தத் தயவு கிடையாது.

விளக்கைப் பிரித்துப் பார்த்ததும் கதை புரிந்தது. முதலில் அவர் போட்டது மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப். குழாயில் வெளிச்சம் சீராக வரவில்லை, புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளி மறையும் என்று நினைத்து இன்னும் இரண்டு வரி ஸ்ட்ரிப்பை உள்ளே திணித்துவிட்டார். பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். புள்ளி மறைவது வெளிச்சத்தால் அல்ல, தூரத்தால். எல்இடிக்கும் எல்இடிக்கும் எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது அதற்கும் குழாயின் தோலுக்கும் இருக்க வேண்டும். கூடக் கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லது. மீட்டருக்கு 60 என்றால் இடைவெளி கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர். 120 என்றால் 8 மில்லிமீட்டர்தான். 30 மில்லிமீட்டர் குழாயின் நடுவில் வைத்தால் தோலுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் கிடைக்கும். அப்போ எந்த ஸ்ட்ரிப் வாங்க வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. கண்ணாடி போலத் தெளிவான குழாயைவிடப் பால் நிறக் குழாய் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் டிரேசிங் தாளைச் சுருட்டி உள்ளே செருகினாலும் போதும். செலவு கூடினாலும் பரவாயில்லை என்றால் எல்இடியை மிக நெருக்கமாகப் பதித்த சிஓபி ஸ்ட்ரிப் போடலாம், அதில் புள்ளியே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் குழாயின் முதுகு இருட்டாக நிற்கும், அதனால் மெல்லிய அலுமினியப் பட்டையின் இரு முகத்திலும் ஒட்ட வேண்டும்.

அடுத்தது சூடு. பேட்டரி சார்ஜ் ஆகும்போது 12 வோல்ட் 12 ஆக நிற்காது, 14.4 வரை ஏறும். ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகக் கோத்து, மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். இரண்டு வோல்ட் ஏறினால் அந்த ரெசிஸ்டர் வழியே ஓடும் மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேலேயே போய்விடும். அன்று சாயங்காலம் கரண்ட் வந்து பேட்டரி சார்ஜ் ஏற, விளக்கும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. திணித்து வைத்த ஸ்ட்ரிப் சூடாகி, ஒட்டும் டேப் இளகி, மெதுவாகக் கீழே வழுக்கியிருக்கிறது. ஈயம் வைத்த பிளஸ், மைனஸ் முனை இரண்டும் உள்ளே இருந்த அலுமினியப் பட்டையில் போய் உட்கார்ந்து ஷார்ட் ஆகிவிட்டன. அவ்வளவுதான்.

இதை ஒரு சின்ன ஃபியூஸ் தடுத்திருக்கும். அது விளக்கில் இருந்தால் போதாது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்புறம் வருகிற ஒயரைத்தான் அது காப்பாற்றும். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் உறை போட்டு, நேராக வீட்டு கரண்டில் செருகுகிற 220 வோல்ட் ஸ்ட்ரிப்பை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதை வெட்டிய முனையில் முழு கரண்டும் நிற்கும். பால்கனியில் மழைச்சாரல் படுகிற ஊர் இது.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து விளக்கைத் திரும்பக் கட்டினோம். 120 எல்இடி ஸ்ட்ரிப், குழாய்க்கு இரண்டு முகமாக மொத்தம் 4 மீட்டர். மீட்டருக்குப் பத்து வாட் வைத்தால் 40 வாட், சுமார் 3.3 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். 14.4 ஏறினாலும் 12-லேயே நிறுத்துகிற ஒரு கன்வெர்ட்டரை நடுவில் வைத்தோம். நான்கு குழாய்க்கும் தனித்தனியாக ஒயர் கொடுத்ததால் கடைசிக் குழாய் மங்கவில்லை. ஸ்ட்ரிப்பின் முனைகளை, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு மூடி, டேப்பை நம்பாமல் மேலும் கீழும் கேபிள் டை இறுக்கினோம்.

அப்புறம் விளக்கைக் கழற்றிவிட்டு, ஃபியூஸுக்கு அப்பால் இரண்டு ஒயரையும் வேண்டுமென்றே தொட வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். தம்பி ஒயரைத் தடவிப் பார்த்தார், சூடே இல்லை. அவருடைய அப்பா புது ஃபியூஸ் நான்கை வாங்கி வந்து விளக்கின் அடிப்பலகையில் டேப் போட்டு ஒட்டினார். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் போகிற மீன்தொட்டி விளக்கு ஒன்று அடுத்த அறையில் இருப்பதாகச் சொல்லி, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.