நியூயார்க் நடைபாதையில் தடுக்கி விழுந்தால் யாரைக் கேட்பது?

நடைபாதைக் கல் பெயர்ந்து நிற்கிறது, தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. நியூயார்க் நகரத்தில் இப்படி நடந்தால் பலரும் முதலில் சொல்வது, "மாநகராட்சி மேல் கேஸ் போடலாம்." நடைபாதை ஊருக்குச் சொந்தம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் 2003 செப்டம்பர் 14 முதல் சட்டம் வேறு. அதன்பின் நடந்த விபத்துகளுக்குப் பெரும்பாலும் நடைபாதையை ஒட்டிய இடத்தின் உரிமையாளர்தான் பொறுப்பு. மாநகரச் சட்டத்தின் 7-210ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கடை, அலுவலகம், அடுக்குமாடி, காலி மனை எல்லாமே இதில் அடங்கும். உறைபனியை அகற்றாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தாலும் பொறுப்பு உரிமையாளர் தலையில்தான் விழும். இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டேன் என்று கையை விரிக்க முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும் வீடு, உரிமையாளரும் அங்கேயே குடியிருக்கிறார், வீடு முழுக்கக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுகிறது என்றால் பொறுப்பு மாநகராட்சிக்குத் திரும்பிவிடும். கீழ்த்தளத்தில் ஒரு சலூன் வைத்தால் போச்சு. மரத்தைச் சுற்றி விட்டிருக்கும் மண்குழியும் நடைபாதையில் சேராது என்று 2008இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அதில் கால் மாட்டி விழுந்தால் பொதுவாக உரிமையாளரைக் கேட்க முடியாது.

சரி, மாநகராட்சிதான் பொறுப்பு என்றாகிவிட்டது. அப்போதும் பணம் சுலபமாக வந்துவிடாது. 1979இல் வந்த ஒரு விதிப்படி, அந்தக் குறிப்பிட்ட பழுதைப் பற்றி மாநகராட்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும். அதன்பின் 15 நாளுக்குள் அவர்கள் சரிசெய்யாமல் விட்டிருக்க வேண்டும். போனில் சொன்ன புகாரை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மாநகராட்சியே தோண்டிப் பாழாக்கியிருந்தால் இந்தக் கட்டுப்பாடு தடையாகாது.

ஊரில் உள்ள ஒவ்வொரு வெடிப்பையும் யார் எழுதிக் கொடுப்பார்கள்? வழக்கறிஞர்கள்தான் கொடுத்தார்கள்! 1982இல் வழக்கறிஞர் சங்கம் ஒன்று 'பிக் ஆப்பிள்' என்ற பெயரில் தனி அமைப்பே தொடங்கியது. ஆட்களை விட்டுத் தெருத்தெருவாக நடக்கவைத்து, பழுதுகளைக் குறியீடுகளால் குறித்த வரைபடங்களை மாநகராட்சியிடம் தாக்கல் செய்தார்கள். பிறகு வரைபடத்தில் இருக்கும் கோடு குழியைக் குறிக்கிறதா, மேடு தட்டிய கல்லைக் குறிக்கிறதா என்பதே வழக்காகி, அதுவும் 2008இல் உச்ச மன்றம் வரை போனது. இணையத்தில் போடும் புகார் எழுத்துத் தகவல் ஆகுமா என்ற கேள்வி 2024இல் வந்தது. ஆகலாம் என்றது மன்றம். ஆனால் அது அதே மாநிலத்தின் இன்னொரு நகரமான அல்பனியின் வழக்கு. நியூயார்க் நகர விதியின் வாசகம் வேறு என்பதால் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

பலரும் கோட்டைவிடுவது நாள் கணக்கில். மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்க, விபத்து நடந்த 90 நாளுக்குள் மாநகரத்தின் நிதிக் கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் கோரிக்கை அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம். வழக்கு போட ஓராண்டு 90 நாள் அவகாசம். தனியார் உரிமையாளர் மீது என்றால் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டை நம்பி உட்கார்ந்திருந்து, கடைசியில் அது விதிவிலக்கு பெற்ற வீடு என்று தெரிந்தால் மாநகராட்சியின் கதவு அதற்குள் மூடியிருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் 90 நாளுக்குள் அங்கேயும் ஒரு அறிவிப்பைப் போட்டுவிடுவது நல்லது. உரிமையாளர் யார் என்பதை, ஸ்டேட்டன் தீவு தவிர மற்ற பகுதிகளுக்கு, மாநகரத்தின் 'ஆக்ரிஸ்' என்ற சொத்துப் பதிவு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அப்புறம், போட்டோ. அடுத்தடுத்த கற்களுக்கு இடையே அரை அங்குல உயர வித்தியாசம் இருந்தாலே நகர விதிப்படி அது பழுதுதான். ஆனால் நீதிபதி அளவை மட்டும் பார்ப்பதில்லை, இடம், வெளிச்சம், விளிம்பின் கூர்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 'அற்பப் பழுது' என்று தள்ளிவிடவும் முடியும். அதனால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து அன்றைக்கே படம் எடுங்கள். வழக்கு வரும் என்று தெரிந்தால் அந்தக் கல் அடுத்த வாரமே புதிதாகிவிடலாம். செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். உங்கள் கவனக்குறைவு 30 சதவீதம் என்று முடிவானால் இழப்பீட்டில் அந்த 30 சதவீதம் மட்டும் கழியும், மீதி கிடைக்கும்.