சொல் விளக்கம்: லிபர்டேரியனிசம் – தன்னுரிமைவாதம்

ஒருவர் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே முழு உரிமையாளர். ஆகவே அவர் நேர்மையாக ஈட்டியதில் அரசு உட்பட எவரும் அவருடைய இசைவின்றிக் கைவைக்கக் கூடாது என்னும் மெய்யியல் கோட்பாடே லிபர்டேரியனிசம். தமிழில் இதைத் தாராளவாதம் என்றும் சுதந்திரவாதம் என்றும் எழுதுவோர் உண்டு. முன்னது தவறு, பின்னது தவறன்று என்றாலும், வழக்கின் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடும் சொல்.

இச்சொல்லின் வேர் 'லிபர்டாஸ்' என்னும் லத்தீன் சொல். அடிமையாக இல்லாத நிலையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் 1789இல் எழுத்தாளர் வில்லியம் பெல்ஷம் 'லிபர்டேரியன்' என்று எழுதியபோது அரசியலோ வரியோ அங்கே பேச்சில் இல்லை. மனித விருப்பம் முன்காரணங்களால் கட்டுண்டதன்று என வாதிட்டவர்களையே அது சுட்டியது. 1857இல் பிரெஞ்சு அரசின்மைவாதி ஜோசப் தெஜாக் 'லிபர்டேர்' என்பதை அரசியல் பொருளில் கையாண்டு, அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அப்பெயரில் இதழொன்றும் தொடங்கினார். அவர் தனிச்சொத்தையே எதிர்த்தவர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், 'லிபரல்' (தாராளவாதி) என்னும் பெயர் நலத்திட்ட அரசை ஆதரிப்போருக்கு உரியதாகிவிட்டதால், அமெரிக்கச் சந்தை ஆதரவாளர்கள் வேறு பெயர் தேடி இதை எடுத்துக்கொண்டார்கள். சொத்தை மறுத்தவர் ஆக்கிய சொல் சொத்துக்குக் காவல் நிற்கத் தொடங்கியது இப்படித்தான்.

தாராளவாதம் என்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இருவரை ஒப்பிட்டாலே போதும். ஏற்றத்தாழ்வு கடைநிலையில் இருப்போருக்கு இயன்றவரை மிகுதியான நன்மை தரும்போது மட்டுமே நியாயமாகும் என்று 1971இல் வாதிட்ட அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் தாராளவாதி. அவருக்கு வரி நீதியின் கருவி. 1974இல் அவருக்கு மறுப்பு எழுதிய மற்றொரு அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் லிபர்டேரியன். உழைப்பின் வருவாய்மீது விதிக்கும் வரி கட்டாய உழைப்புக்கு நிகரானது என்றார். ஒவ்வொருவரும் மனமுவந்து 25 சென்ட் கூடுதலாகக் கொடுத்து 10 லட்சம் பேர் ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைக் காண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; அவரிடம் சேர்ந்த 2,50,000 டாலரில் அநீதி எந்த இடத்தில் நுழைந்தது என்பது நோசிக்கின் கேள்வி. (செங்கோலோடு நிற்பவன் பொருள் கேட்பதை வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனோடு ஒப்பிடும் 552ஆம் குறளை இங்கே துணைக்கு அழைப்பது பொருந்தாது. அது கொடுங்கோன்மையைக் கடிகிறதே தவிர, வரியை மறுக்கவில்லை. 385ஆம் குறள் 'வகுத்தலையும்', அதாவது சேர்த்த பொருளைப் பங்கிட்டுச் செலவிடுவதையும், அரசின் பணியாகவே எண்ணுகிறது.)

சுதந்திரவாதம் என்பதில் வேறொரு சிக்கல் உள்ளது. மெய்யியலாளர் ஐசையா பெர்லின் 1958இல் ஆற்றிய உரையில், பிறர் குறுக்கிடாமையாகிய எதிர்மறைச் சுதந்திரத்தையும் தன்னைத் தானே ஆள்வதாகிய நேர்மறைச் சுதந்திரத்தையும் பிரித்துக் காட்டினார். தமிழில் 'விடு' என்னும் வினையிலிருந்து பிறந்த விடுதலை முன்னதற்கும், 'சுவ' (தன்), 'தந்திரம்' (ஆளுகை) என்னும் வடமொழிக் கூறுகளாலான சுதந்திரம் பின்னதற்கும் நெருக்கமாக நிற்கின்றன. லிபர்டேரியன்கள் பேசுவது பெரும்பாலும் குறுக்கீட்டிலிருந்து விடுபடுவதையே. அந்த அளவிலும் மெய்யியலாளர் ஜி. ஏ. கோஹன் அவர்களை மறுக்கிறார்: பயணச்சீட்டு வாங்க வழியில்லாதவர் ரயிலேற முயன்றால் இறக்கிவிடப்படுவார், அதுவும் குறுக்கீடுதான், ஆகவே பணமின்மை சுதந்திரமின்மையே. எது சுதந்திரம் என்பதே வழக்காக இருக்கையில், அச்சொல்லை ஒரு தரப்புக்கு மட்டும் பெயராகச் சூட்டுவது நடுநிலையாகாது. விடுதலைவாதம் என்றாலோ, விடுதலை இயக்கங்களின் நினைவே படிப்பவருக்கு முந்திக்கொண்டு வரும்.

எனவே தன்னுரிமைவாதம் என்பதே என் பரிந்துரை. தேசிய இனங்களின் தன்னாட்சி உரிமையோடு குழம்ப இடமுண்டு என்றாலும், தன்மீது தனக்கே உள்ள உரிமை என்னும் கோட்பாட்டின் அடித்தளத்தை நேரே காட்டும் சொல் இது. சொத்துரிமைவாதம் என்று பெயரிட்டிருந்தால் மெய்யியலாளர் ஹில்லெல் ஸ்டைனர் போன்றோர் வெளியே நின்றிருப்பார்கள். ஒருவருடைய உழைப்பு அவருக்கே உரியது என்பதை ஏற்கும் அவர்கள், நிலத்தையும் பிற இயற்கை வளங்களையும் யாரும் உழைத்து உண்டாக்கவில்லை என்பதால், அவற்றில் எல்லோருக்கும் சம உரிமை உண்டு என்கிறார்கள். உழைப்பை விட்டுவிட்டு நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி விதிக்கலாம் என 1879இல் அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் முன்வைத்த யோசனையும் இதனோடு இசைகிறது. இவர்களை இடதுசாரித் தன்னுரிமைவாதிகள் என்றே எழுதலாம்.