லீவு போடும் டீச்சர் விட்டுச் செல்ல வேண்டிய ஒரு பக்கம்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கப் பள்ளிகளில் லீவில் இருக்கும் ஆசிரியருக்குப் பதிலாகப் பாடம் எடுப்பது என் வேலை. இன்று ஒன்றாம் வகுப்பு, நாளை எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆடி மழையில் மரம் விழுந்தோ, சாலையில் யானை நின்றோ பஸ் வராத நாட்களில் போன் கூடுதலாகவே வரும்.

போனதும் ‘பாடம் எதுவரை நடந்திருக்கிறது?’ என்றுதான் பலரும் கேட்கிறோம். அது பிள்ளைகளின் நோட்டிலேயே இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது பிள்ளைகளைப் பற்றி. யாருக்கு வலிப்பு வரும்? யாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்? சாயங்காலம் யாரை யார் கூட்டிப்போவார்கள், யாரோடு அனுப்பவே கூடாது? இதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்காது. வகுப்பு டீச்சருக்கு மட்டும் தெரியும். அவர் லீவில் போனால் அதுவும் கூடவே போய்விடுகிறது.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்குச் சொல்லுங்கள்.

வீட்டில் பணியர் பழங்குடியினரின் மொழி பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்று ஒரே பெஞ்சில் இருப்பார்கள். புது முகத்தைப் பார்த்து வாய் திறக்காத பிள்ளைக்குப் படிப்பு வராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எனக்கு இதில் கோபமே வரும். அந்தப் பேச்சு அடுத்த வகுப்புக்கும் அந்தப் பிள்ளையோடு போகிறது.

அரசு ஆசிரியைகளுக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நியாயமான உரிமை. ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அப்படிப் போனால், அந்தப் பிள்ளைகளுக்கு ‘அ’ சொல்லித்தருவது முழுக்க முழுக்க மாற்று ஆசிரியர்தான். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சொல்லாமல் அவரை உள்ளே அனுப்பினால் முதல் சில வாரங்கள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே கழியும். ‘தற்காலிகம்தானே’ என்று அவரைப் பயிற்சிக்குக் கூப்பிடாமல் விடுவதும் நடக்கிறது. அதில் நஷ்டப்படுவது பிள்ளைகள்.

வகுப்பு டீச்சர்களே, இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். வகுப்பு மேசையில் வேண்டாம். பிள்ளைகளின் நோய் விவரம் மற்றப் பிள்ளைகள் கையில் சிக்கக் கூடாது. அப்புறம், மாற்று ஆசிரியர்களும் கிளம்பும்போது அதே தாளின் பின்பக்கத்தில் எது நடத்தினோம், யார் வரவில்லை, மதியம் யார் சாப்பிடவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும், ஒரே ஒரு நாள் வேலையாக இருந்தாலும்.