டோர்சாட் டி பாயிண்ட்: முனைப்புரித் துடிப்பு

மனச்சோர்வுக்குத் தரப்படும் சிட்டலோபிராம் மாத்திரையின் விவரத்தாளில் ‘டோர்சாட் டி பாயிண்ட்’ என்றொரு தொடர் வரும். அது ஆபத்தான ஓர் இதயத்துடிப்புக் கோளாறின் பெயர். இதை ‘மாரடைப்பு’ என்று தமிழில் எழுதுவது தவறு. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. இங்கே பழுதுபடுவது இதயத்தின் மின்னோட்டம்.

தொடர் பிரெஞ்சு மொழிக்குரியது. ‘டோர்சாட்’ என்றால் முறுக்கிய சரடு. முறுக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘பாயிண்ட்’ என்பது முனை. 1966இல் பிரெஞ்சு மருத்துவர் தெசெர்தென் ஒரு மூதாட்டியின் ஈசிஜி-யில் கண்டதற்கு இப்பெயரைச் சூட்டினார். கூர்முனைகள் மேலும் கீழுமாகத் திரும்பி, நடுக்கோட்டைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போயின. கண்ணால் கண்டதை அப்படியே பெயராக்கிய அருமையான சொல்லாக்கம் இது.

தமிழிலும் அந்தக் காட்சி வர வேண்டும். நம்மிடம் ‘புரி’ இருக்கிறது: கயிற்றின் புரி, முப்புரி, வலம்புரி. ஆகவே ‘முனைப்புரித் துடிப்பு’ என்பது என் பரிந்துரை. ‘சீரற்ற துடிப்பு’ என்பது எல்லா வகைத் துடிப்புக் கோளாறுக்கும் பொதுவான சொல், இதற்குப் போதாது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகும். சில மருந்துகள் அந்த வழியை அடைப்பதால் ஈசிஜி-யின் க்யூடி இடைவெளி, அதாவது இதயக் கீழறைகள் ஒரு துடிப்பைத் தொடங்கி மறுபடி தயாராக எடுக்கும் நேரம், நீள்கிறது. அது 500 மில்லி நொடியைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. தசை தயாராகும் முன்பே இன்னொரு துடிப்பு குறுக்கிட்டால் முனைப்புரி தொடங்கிவிடும். மயக்கம் வரும், சில வேளை உயிரே போகும்.

இதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் சிட்டலோபிராமுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என வரம்பு வைத்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20தான். மனச்சோர்வுக்கான மற்ற மருந்துகளில் எசிட்டலோபிராமுக்கும் இந்த இயல்பு உண்டு. பழைய வகையான அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் மிகவும் கொடியது. செர்ட்ராலினில் ஆபத்து குறைவு.

இதைப் படித்து யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதே என் கவலை. பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. பெரும்பாலும் பல காரணங்கள் ஒன்றுசேரும்போதுதான் வருகிறது: வாந்தி, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைவது, ஏற்கெனவே உள்ள இதய நோய், க்யூடி-யை நீட்டும் இன்னொரு மருந்து. பெண்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். வேறு நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். திடீர் மயக்கமோ கடும் படபடப்போ வந்தால் காத்திருக்காமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.