டிரா கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்

மதுரையில் நடக்கும் செஸ் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" "டிரா" என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

போன போட்டியில் அனுபவமுள்ள இருவர் மோதினார்கள். வெள்ளையிடம் ரூக்கும் (யானை) ஒரு சிப்பாயும். கருப்பிடம் ரூக் மட்டும். கருப்புக்காரர் ராஜாவைச் சிப்பாயின் பாதையில் நிறுத்தி, ரூக்கை (வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணினால்) ஆறாவது வரிசையில் வைத்தார். வெள்ளை ராஜாவால் முன்னேற முடியவில்லை. சிப்பாய் ஆறாவது வரிசைக்கு ஏறியதும், ரூக்கை முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் வைத்தார். வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு செஸ் வீரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு இது. இதை மனசில் வைத்திருந்து, கடிகாரம் ஓடும்போது சரியாக ஆடுவது பெரிய வேலை. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில், டிராவாக வேண்டிய நிலையில், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் ஒரே ஒரு ரூக் மூவில் தவறினார். நம் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

சரி, நான் நடுவராக இருந்த அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். காய்கள் நிற்கும் ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது; அப்படி வந்தால் டிரா கேட்கலாம். கருப்புக்காரர் காயைத் தொடவில்லை. மூவை ஸ்கோர் ஷீட்டில் (மூவ்களை எழுதும் தாள்) எழுதினார், கடிகாரத்தை நிறுத்தினார், என்னைக் கூப்பிட்டார். சரிபார்த்தேன். ஆளுக்கு அரைப் புள்ளி.

நம் பிள்ளைகள் பலர் மூவை ஆடி, கடிகாரத்தையும் அமுக்கிவிட்டு, அப்புறம் கை தூக்குகிறார்கள். அதற்குள் அந்த மூவில் கேட்கும் உரிமை போய்விடும். "மூணு செக் வச்சா டிரா" என்று நம்புகிறவர்களும் உண்டு. அப்படி விதியே கிடையாது. ஒரே நிலை, அதே ஆளின் முறையில், மூன்று தடவை வர வேண்டும்; அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. காஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. தவறாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். யாருமே கேட்காவிட்டால், ஐந்தாவது முறை வரும்போது நடுவரே டிரா என்று ஆட்டத்தை முடித்துவிடுவார்.

எதிராளியிடம் டிரா கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு: முதலில் மூவை ஆட வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அதன்பின் கடிகாரம். திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுப்பது விதிமீறல்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளையின் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பாருங்கள். பாதியில் எழுதுவதை நிறுத்தியிருந்தால், நியாயமான டிராவைக் கேட்டாலும் அதைச் சரிபார்ப்பது எங்களுக்குக் கஷ்டம்.