புதுசா, செகண்ட் ஹேண்டா, ரீஃபர்பிஷ்டா? லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

லேப்டாப் சர்வீஸ் என் தொழில். புதிது வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட் போதுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விலையைப் பேசுவதற்கு முன், அந்த மெஷினுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரியாமல் வாங்கினால் பழையதில் மட்டுமில்லை, புதியதிலும் ஏமாறலாம்.

புதியதில் எப்படி ஏமாறுவது என்கிறீர்களா? இருப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் (எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான வகை). பல மாடல்களில் ராமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தாலே இடம் போதாமல் திணறும். பிள்ளையின் படிப்புக்கு என்று ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளில் "ரொம்ப ஸ்லோவாக இருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்று எடுத்து வருவார்கள். பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவர்களிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அதே பணத்தில், கம்பெனிகள் சில வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாதிரியான மெஷின் நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பாடி உறுதி, கீபோர்டு நன்றாக இருக்கும், பார்ட்ஸும் சுலபமாகக் கிடைக்கும்.

ஆனால் பிராசஸர் எந்த ஜெனரேஷன், அதாவது எந்தத் தலைமுறை, என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் நிறைய. ஐ7-7500யூ ஏழாவது ஜெனரேஷன், அதில் கோர், அதாவது வேலை செய்யும் பகுதி, இரண்டுதான். அடுத்த ஜெனரேஷனில் வந்த ஐ5-8250யூவில் நான்கு கோர். பெயரில் சின்னதாகத் தெரிவதுதான் வேலையில் பெரியது. இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வது, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெலில் எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் மெஷினில் வேண்டும். "இதில் விண்டோஸ் 11 ஓடுதே" என்று விற்பவர் காட்டுவார். ஆறாவது ஜெனரேஷனிலும் இந்தத் தகுதியைப் பார்க்கும் விண்டோஸின் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்ய முடியும், ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. அதனால் பிராசஸர் நம்பரைக் கேட்டு வாங்கி நீங்களே சரிபாருங்கள்.

இனி சொல்லப்போவதுதான் அதிகம் பேருக்குத் தெரியாதது, தெரியாததால் முழுப் பணத்தையும் இழக்கிறார்கள். கம்பெனி லேப்டாப்கள் பலவும் அந்தக் கம்பெனியின் நிர்வாகக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை அவர்கள் நீக்காமல் விட்டிருந்தால், வாங்கியவருக்கு அப்போதைக்கு எதுவும் தெரியாது, எல்லாம் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒருநாள் ரீசெட் செய்து வைஃபையை இணைத்ததும் திரையில் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரும் அந்த நிறுவன மெயில் ஐடியைக் கேட்கும் பெட்டியும் வந்து நிற்கும். அப்படி நின்ற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் நான் சொல்ல முடிவது, விற்றவரைப் பிடியுங்கள் என்பதுதான். இதைத் தவிர்க்க, வாங்கும் இடத்திலேயே ரீசெட் செய்யச் சொல்லி, இன்டர்நெட் இணைத்தே செட்டப்பை முடிக்கச் சொல்லுங்கள். நெட் இல்லாமல் செட்டப் செய்தால் பூட்டு வெளியே தெரியாது. விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். மேக்புக் என்றால் பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கினாரா என்பது முதல் கேள்வி. இதற்கெல்லாம் தயங்குகிற ஆளிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பேட்டரிக்கு வாய்வார்த்தை வேண்டாம், ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து powercfg /batteryreport என்று டைப் செய்து என்டர் கொடுத்தால் விண்டோஸே ஒரு ஃபைல் தரும். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 30,000 என்றும் இருந்தால், புதிதில் பிடித்த சார்ஜில் 60 சதவீதம்தான் இப்போது பிடிக்கிறது. அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம். டச்பேடு லேசாக மேலே தூக்கியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் அடிப்பாகம் சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அது ஆபத்து, அந்த மெஷினில் சார்ஜரே செருக வேண்டாம். ஸ்டோரேஜாக இருக்கும் எஸ்எஸ்டியின் ஹெல்த்தை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் சொல்லிவிடும். ஹிஞ்ச் (திரையை மடக்கும் கீல்), எல்லா கீ, எல்லா போர்ட், கேமரா, இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

பழையதைச் சரிசெய்து மறுபடி விற்பதுதான் ரீஃபர்பிஷ்டு, ஆனால் அப்படி யார் வேண்டுமானாலும் எழுதி விற்கலாம். தயாரித்த நிறுவனமே சரிபார்த்து வாரண்டியோடு விற்பதும், துடைத்து பாலிஷ் போட்டு வைத்திருப்பதும் ஒரே பெயரில்தான் வருகின்றன. ஏ கிரேடு, பி கிரேடு என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கான மதிப்பெண், உள்ளே இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எதையெல்லாம் மாற்றினீர்கள், போட்டிருக்கும் பேட்டரி ஒரிஜினலா, வாரண்டியில் பேட்டரி சேருமா என்று கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பரோடு வாரண்டியும் எழுதித் தர வேண்டும். அப்படித் தருகிற இடமாக இருந்தால், தனி ஆளிடம் செகண்ட் ஹேண்ட் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. தனி ஆளிடம் வாங்குவது, மேலே சொன்னதையெல்லாம் நேரில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அல்லது தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தவர்களுக்கு மட்டும்.

பழைய கேமிங் லேப்டாப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வருஷக்கணக்கில் சூட்டில் ஓடிய கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் போர்டோடு சேர்ந்தே இருக்கும், போனால் போர்டு செலவு. வீடியோ எடிட்டிங், 3டி மாதிரி கனமான வேலை செய்கிறவர்களும், ஒருநாள் மெஷின் நின்றால் அன்றைய வருமானமே நிற்கிறவர்களும் முடிந்தால் புதிதே வாங்குங்கள், வீட்டுக்கே வந்து பார்க்கிற சர்வீஸ் இருந்தால் அதையும் சேர்த்து.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொண்டு அந்த நாட்களில் மெஷினைச் சும்மா வைக்காதீர்கள். விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள், பழைய ஆளின் ஃபைலும் புரோகிராமும் எதுவும் மிச்சம் இருக்க வேண்டாம். விண்டோஸின் ஆக்டிவேஷன் (லைசென்ஸ்) ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நீளமான வீடியோ காலை சார்ஜர் இல்லாமல் பேசிப் பாருங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள், ஒரு ராத்திரி மூடி வைத்துக் காலையில் சார்ஜ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். தானாக ஆஃப் ஆவது, திரை மின்னுவது மாதிரி சின்னதாக ஒன்று தெரிந்தாலும் "பழகிவிடும்" என்று விடாமல் அன்றைக்கே போன் போடுங்கள்.