பசுவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பெயர்

"1870க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளின் பெயர் கிடையாது என்கிறீர்கள். பிறகு எப்படி அவர்களுடைய வாரிசுகள் எள்ளுப்பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எஜமானரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே அடிமைகளின் வயது, பாலினம், நிறம் மட்டும் வரிசையாக வரும், பெயர் அநேகமாக இருக்காது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின் எடுத்த 1870 கணக்கெடுப்பில்தான் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். வம்சாவளி தேடுகிறவர்கள் இதை '1870 சுவர்' என்பார்கள்.

சுவரைத் தாண்ட வழி, மனிதர்களைச் சொத்தாக்கிய அதே சட்டத்தில் இருக்கிறது. சொத்து என்றால் பத்திரம் இருக்குமே! எஜமானர் இறந்ததும் உயில் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் நியமித்த சிலர் வந்து எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதுவார்கள். பசு, ஏர், கட்டில், அதே தாளில் மனிதர்கள். பெயர், பல சமயம் வயது, பக்கத்தில் விலை. படிக்கவே கை கூசும். ஆனால் பெயர் இருக்கிறது.

சரி, 1820ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரு மேரி, 1840இல் வேறொரு பட்டியலில் ஒரு மேரி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒருவர்தானா? பெரும்பாலும் குடும்பப் பெயரே எழுதியிருக்க மாட்டார்கள். மேரி என்ற பெயரோ எங்கும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒற்றைப் பெயரைத் தேடக் கூடாது, பெயர்க் கூட்டத்தைத் தேட வேண்டும். பத்துப் பெண்களில் ஒருவர் மேரி, இருபது பையன்களில் ஒருவன் சாம், ஐம்பது பெண் குழந்தைகளில் ஒருத்தி ஜூனோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு தாய்க்கும் அவளுடைய மகனுக்கும் மகளுக்கும் இந்த மூன்று பெயர்களும் தற்செயலாக அமைய 10,000இல் ஒரு வாய்ப்புதான். அதோடு மூவருக்கும் ஏறக்குறைய இருபது வயது கூடியிருக்க வேண்டும். வயதெல்லாம் குத்துமதிப்பாக எழுதியது, இரண்டு மூன்று ஆண்டு முன்னே பின்னே இருக்கலாம். அதையும் மீறி எல்லாம் பொருந்தினால் அந்தக் கூட்டம் கைரேகை மாதிரி.

தாயும் பிள்ளைகளும் தாளில் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளையின் நிலை தந்தை வழியில் போகும். வர்ஜீனியா காலனி 1662இல் இதைத் தலைகீழாக்கியது. தாய் அடிமை என்றால், தந்தை யாராக இருந்தாலும் பிள்ளையும் அடிமை. அதனால் உயில்களில் 'இன்ன பெண்ணும் அவளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும்' என்று எழுதினார்கள். ஒரு குழந்தை தன் சொத்து என்று காட்ட, தாய் யார் என்று காட்டியாக வேண்டும். தந்தையின் பெயர் அநேகமாகக் காணாமல் போக, தாய் வழி மட்டும் அழியாமல் நின்றது.

கூட்டம் பிரிந்தாலும் நூல் அறுந்துவிடாது. ஜூனோவை எஜமானரின் மகளுக்கு எழுதிவைத்திருந்தால் அந்த மகளைப் பின்தொடர வேண்டும். அவள் கல்யாணமாகிப் போன ஊர், கணவனின் கடன், அவனுடைய சொத்துப் பட்டியல் என்று போய்க்கொண்டே இருக்கும். அடிமைக் குடும்பத்தின் வம்சாவளியைப் போட, முதலில் எஜமானர் குடும்பத்தின் வம்சாவளியைப் போட்டாக வேண்டும்.

இதே தாய்வழிச் சட்டத்தை அடிமைகள் திருப்பியும் பிடித்தார்கள். தாய் சுதந்திரமானவள் என்று நிரூபித்தால் பிள்ளைக்கும் விடுதலை. மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் மட்டும், பல காரணங்களைக் காட்டிப் போட்ட 300க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகள் கிடைத்திருக்கின்றன. 1846இல் அங்கே டிரெட் ஸ்காட் என்ற அடிமையும் அவர் மனைவி ஹாரியட்டும் தனித்தனியே வழக்குப் போட்டார்கள். ஹாரியட் ஜெயித்திருந்தால் அவர்களுடைய இரண்டு மகள்களுக்கும் வழி திறந்திருக்கும். 1857இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

மரபணுச் சோதனையால் உறவைக் காட்ட முடியும், பெயரைச் சொல்ல முடியாது. சோதனைக்குப் பணம் தாராளமாக வருகிறது. மடித்துக் கட்டிய தாள்களைப் பிரித்து, மங்கிய கையெழுத்தைப் படிக்கிற ஆவணக் காப்பாளருக்கு அந்தத் தாராளம் கிடைப்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம். உள்நாட்டுப் போரில் சில கவுண்டிகளின் (மாவட்டம் மாதிரி) ஆவணங்கள் ஏற்கெனவே எரிந்துபோய்விட்டன. மிஞ்சியதையாவது படித்து வைக்க வேண்டாமா?

அப்புறம், விடுதலை பெற்றவர்களுக்கு இன்னொரு ஆவணம் உண்டு. 1793 முதல் வர்ஜீனியாவில் சுதந்திரக் கறுப்பின மக்கள் உள்ளூர் எழுத்தரிடம் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர்களைக் கண்காணிக்கத்தான் அந்தப் பதிவேடு. யாருடைய உயிலால் விடுதலை கிடைத்தது என்ற குறிப்பு அதில் பல இடங்களில் இருக்கும், நேராக அந்த உயிலுக்கே போய்விடலாம். கூடவே வயது, உயரம், நிறம், கையிலோ நெற்றியிலோ இருந்த தழும்பு. புகைப்படம் வருவதற்கு முன் வாழ்ந்த எள்ளுப்பாட்டி எப்படி இருந்தாள் என்று வாரிசுகளுக்குச் சொல்லக்கூடிய வரி, பெரும்பாலும் அது ஒன்றுதான்.